திரும்பத் திரும்ப வரும் படர்தாமரை: குற்றவாளி யார்?

படர்தாமரையைப் பற்றித் தொழிலாளர் பத்திரிகையில் ஒரு கட்டுரையா என்று சில தோழர்கள் சிரிக்கக்கூடும். கூலி, போனஸ், வேலைநீக்கம், நிலம் என்று தலைக்கு மேல் பிரச்னைகள் இருக்கும்போது அரிப்பும் ஒரு பிரச்னையா என்று கேட்கக்கூடும்.

ராத்திரி ஷிப்டு முடிந்து அறைக்கு வந்து, தொடை இடுக்கில் பற்றி எரியும் அரிப்பினால் கண்ணை மூட முடியாமல் புரண்டு கிடக்கும் நூற்பாலைத் தொழிலாளி சிரிக்கமாட்டார். விரலிடுக்கு வெந்து, தோல் உரிந்து, மறுநாள் விடியற்காலை அதே காலை நாற்றங்காலில் வைத்தாக வேண்டிய விவசாயத் தொழிலாளிப் பெண் சிரிக்கமாட்டார். வெளியே சொல்ல வெட்கம். சொறிந்தால் அவமானம். சொறியாவிட்டால் வேதனை. இதுதான் இந்த வியாதி.

சில மாதங்களுக்கு முன் எங்கள் சங்க ஆபீசுக்கு ஒரு தோழர் வந்தார். ஸ்பின்னிங் பகுதியில் வேலை. சட்டைப் பையிலிருந்து பிதுக்கித் தீர்ந்த நான்கு டியூப்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். "தோழர், இது நாலாவது. போட்டா ரெண்டு நாள்ல அடங்கிருது. விட்டா முன்னைவிட ஜாஸ்தியா வருது. இப்ப வீட்டுக்காரிக்கும் வந்திருச்சு, சின்னப் பையனுக்கும் இடுப்புல வந்திருச்சு. எனக்கு ரத்தமே கெட்டுப்போச்சுங்களா?" என்று கேட்டார்.

அவருடைய ரத்தம் கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போயிருப்பது வேறு. அது என்ன என்று பார்ப்போம்.

மூன்று பொய்கள்

இந்த வியாதி வந்தவரிடம் ஊர் மூன்று காரணங்களைச் சொல்கிறது. முதலாவது, "நீ சுத்தமாக இருப்பதில்லை." இரண்டாவது, "உனக்குச் சூட்டு உடம்பு, ரத்தம் சுத்தமில்லை." மூன்றாவது, சமீப காலமாகப் பரப்பப்படுவது: "வடக்கேயிருந்து வந்த ஆட்கள் கொண்டுவந்து ஒட்டவைத்துவிட்டார்கள்."

மூன்றும் பொய். ஆனால் மூன்றும் யாருக்கோ பயன்படுகிற பொய்கள். முதல் பொய்யை நம்பினால் தொழிலாளி தன்னையே நொந்துகொள்வார். வேலையிடத்தைப் பற்றிப் பேசமாட்டார். இரண்டாவதை நம்பினால் ரத்தசுத்தி மருந்து விற்பவன் பிழைப்பான். மூன்றாவதை நம்பினால் ஒரே மிஷினில், ஒரே கூரையின்கீழ் உழைக்கும் இரண்டு தொழிலாளிகள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்பார்கள்.

உண்மை என்ன? படை, படர்தாமரை, வண்டுகடி என்று பல பெயரால் அழைக்கிறோமே, அது பூஞ்சைக் காளானால் வருவது. ஊறிப்போன ரொட்டியில் பூசணம் பிடிக்கிறதல்லவா? அதற்குத் தூரத்து உறவு. நம் தோலின் மேற்படலத்திலும் முடியிலும் நகத்திலும் கெரட்டின் என்ற சத்து இருக்கிறது. இந்தப் பூஞ்சைக்கு அதுதான் சாப்பாடு. ஓரிடத்தில் இறங்கி, தின்றுகொண்டே வெளிப்பக்கம் நகரும். நடுப்பகுதி ஆறினாற்போல் தெரியும்; ஓரம் சிவந்து தடித்து, செதில் உதிர்ந்து அரிக்கும். வட்டம் விழுவது அதனால்தான். இது ரத்தத்தில் இல்லை. தோலின் மேல்படலத்தில் குடியிருக்கிறது.

பூஞ்சைக்கு வேண்டியவை இரண்டு: ஈரம், வெதுவெதுப்பு. ஆகவே, யாருடைய தோல் நாள் முழுதும் ஈரத்திலும் புழுக்கத்திலும் ஊறுகிறது என்று கேட்டால் வியாதி யாருக்கு வரும் என்பது தெரிந்துவிடும். குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவருக்கும் வரலாம். ஆனால் அவருக்கு வருவது எப்போதோ ஒருமுறை. நமக்கு வருவது வருஷம் முழுதும்.

மில்லின் ஈரமும் வயலின் சேறும்

மில்லில் காற்றை வேண்டுமென்றே ஈரப்படுத்துகிறார்கள். காற்று உலர்ந்தால் பஞ்சு பறக்கும், நூல் அறும், உற்பத்தி குறையும். அதற்காகவே ஹ்யுமிடிபிகேஷன் பிளாண்ட் ஓடுகிறது. நெசவுக் கொட்டகையில் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75, 80 என்ற அளவில் வைக்கப்படுகிறது. நூல் அறாமல் இருக்க என்ன ஈரம் வேண்டும் என்று கணக்குப் பார்த்து அளக்கக் கருவி இருக்கிறது. அதே ஈரத்தில் எட்டு மணி நேரம், ஓவர்டைம் சேர்ந்தால் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவரின் தோல் என்னாகும் என்று அளக்க மட்டும் கருவி இல்லை!

வியர்வை வடிகிறது, காற்றில் காய்வதில்லை. இடுப்பில் இறுக்கிய பாவாடை நாடாவும், பேன்ட்டின் பட்டையும், அரைஞாண் கயிறும் நனைந்தது நனைந்தபடி கிடக்கின்றன. ஷிப்டு முடிந்து விடுதிக்குப் போனால் ஒரு அறையில் பல பேர். துணி காயப்போட வெயில் படும் இடமில்லை. அறைக்குள்ளேயே கயிறு கட்டி, ஒருவர் துணிமேல் ஒருவர் துணியைப் போடுகிறார்கள். ஒரு துண்டு, ஒரு சோப்பு, ஒரு பாய் என்று பலரும் புழங்குகிறார்கள். உதிர்ந்த செதிலில் ஒட்டியிருக்கும் பூஞ்சை விதைகள் துணியிலும் படுக்கையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒருவர் சுகமானாலும் துண்டு அவருக்கு மறுபடி வியாதியைக் கொடுக்கும்.

ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தோழர்கள் இந்த அறைகளிலேயே மிக நெருக்கமான அறைகளில் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அதிகமாக வந்தால் காரணம் அவர்களுடைய ஊர் அல்ல. அவர்களை அடைத்து வைத்த அறை.

வயலுக்கு வருவோம். நடவிலும் களையெடுப்பிலும் சேற்றுத் தண்ணீரில் மணிக்கணக்காக நிற்கிறோம். விரலிடுக்குத் தோல் வெளுத்து ஊறி, வெடிக்கிறது. அந்த வெடிப்பு வழியே பூஞ்சையும் நுழைகிறது, சீழ் பிடிக்கச் செய்யும் கிருமியும் நுழைகிறது. இதுதான் சேற்றுப்புண். நகத்தைச் சுற்றி வீங்கி வலிக்கும் நகச்சுற்றும் பல சமயம் இந்த ஈரத்தின் பிள்ளைதான். ரப்பர் பூட்சு போட்டுக்கொள் என்று பட்டணத்துப் படிப்பாளி யோசனை சொல்வார். முழங்கால் சேற்றில் பூட்சு போட்டு நாற்று நட்டுப் பார்த்தவரில்லை அவர்.

வேலை முடிந்ததும் காலை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தாலே பாதி வியாதி குறையும். அந்த நல்ல தண்ணீர் எங்கே? ஊர்த்தெருவுக்குக் குழாய் வருகிறது; சேரிக்கு வரும்போது சொட்டுகிறது. தண்ணீரை மறுத்துவிட்டு, "இவர்கள் சுத்தமில்லாதவர்கள்" என்று பட்டம் சூட்டுவது இந்த நாட்டில் பழைய வழக்கம். படர்தாமரையின் பெயரால் அது மறுபடி நடப்பதை நாம் அனுமதிக்கக்கூடாது.

டியூபுக்குள் ஒளிந்திருக்கும் எதிரி

ஈரமும் நெருக்கமும் நமக்குப் புதிதல்ல. நம் அப்பன் பாட்டன் காலத்திலும் படை வந்தது; களிம்பு போட்டார்கள், போயிற்று. ஆனால் சுமார் 10, 12 வருஷங்களாக இந்தியா முழுவதும் இந்த வியாதி அடங்காமல் திரும்பத் திரும்ப வருவதைத் தோல் வைத்தியர்கள் கண்டு கவலைப்படுகிறார்கள். இந்தியாவில் இன்று பரவலாகக் காணும் பூஞ்சை ரகத்துக்கு 2020ல் விஞ்ஞானிகள் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள்: டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே. டெர்பினாபின் என்ற நல்ல மருந்து எந்த இடத்தில் போய்ப் பூஞ்சையைத் தாக்குமோ, அந்த இடத்தையே இந்த ரகத்தில் பல பூஞ்சைகள் மாற்றிக்கொண்டுவிட்டன. மருந்து போகிறது, அடி விழுவதில்லை.

நிலைமை இவ்வளவு மோசமானதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, மேஜைமேல் அந்தத் தோழர் வைத்த நான்கு டியூப்கள்.

அவற்றில் பூஞ்சையைக் கொல்லும் மருந்தும் இருந்தது. கூடவே பாக்டீரியா மருந்தும், ஸ்டீராய்டும் கலந்திருந்தன. ஸ்டீராய்டு விஷமல்ல, இடமறிந்து கொடுத்தால் உயிரையே காக்கும் மருந்து. ஆனால் படர்தாமரைமேல் அதைத் தடவினால் என்ன நடக்கிறது? சிவப்பும் அரிப்பும் நம் உடம்பு பூஞ்சையோடு போராடுவதன் அடையாளம். ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தையே அடக்கிவிடுகிறது. அரிப்பு இரண்டு நாளில் நிற்கிறது. "ஆகா, அற்புதமான மருந்து!" என்கிறோம். ஆனால் காவல்காரனின் வாயைக் கட்டிவிட்ட வீட்டில் திருடன் சாவகாசமாக உலவுவதுபோல், பூஞ்சை சத்தமின்றிப் பரவுகிறது. டியூபை நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிதாகக் கிளம்புகிறது. வட்டமும் குலைந்துபோய், வைத்தியருக்கே இது என்ன வியாதி என்று அடையாளம் தெரியாமல் போகிறது. மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, தொடையிலும் அக்குளிலும் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது. அந்தக் கோடுகள் பெரும்பாலும் மறைவதில்லை.

வேலியே பயிரை மேய்ந்த கதை இதுதான்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா? இருக்கிறது. அறிவுக்கு ஒவ்வாத மருந்துக் கலவைகள் என்று 344 கலவைகளை 2016 மார்ச்சில் மத்திய சர்க்கார் தடைசெய்தது. மருந்துக் கம்பெனிகள் கோர்ட்டுக்கு ஓடின. அந்த வருஷம் டிசம்பரில் டெல்லி ஹைகோர்ட் தடையை ரத்துசெய்தது. 2017 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் மறுபடி பரிசீலிக்கச் சொன்னது. 2018 செப்டம்பரில் 328 கலவைகள் தடைசெய்யப்பட்டன. ஸ்டீராய்டு கலந்த தோல் களிம்புகள் சிலவும் அவற்றில் அடக்கம். அதே வருஷம், தோலில் பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை வைத்தியர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்ற பட்டியலிலும் சேர்த்தார்கள்.

ஆனால் ஒரு கலவை போனால் இன்னொரு கலவை வருகிறது. சீட்டுக் கேட்காமல் எடுத்துக் கொடுக்கும் கடைகள் எத்தனை என்பதை நம் ஊரிலேயே பார்க்கலாம். கடைப் பையனை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் கூலி போகும் என்ற நிலையில் தொழிலாளி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கடைக்கு ஓடுகிறார். அந்த அவசரம்தான் கம்பெனிகளுக்கு லாபம்.

அப்படியானால் என்ன செய்வது?

முதலில், வைத்தியரைப் பார்க்க வேண்டும். தோலைக் கொஞ்சம் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு மருந்து விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சையா இல்லையா என்று அப்போதே தெரிந்துவிடும். இது சாதாரணப் பரிசோதனை. அரிக்கும் எல்லாமே படர்தாமரை அல்ல. சொரியாசிஸும் கரப்பானும் அப்படியே தோன்றலாம். தேமல் வேறு வகைப் பூஞ்சை. அது குணமான பிறகும் வெளுப்பு மாறச் சில மாதங்கள் ஆகும், பயப்பட வேண்டாம். ஆனால் வெளுத்த இடத்தில் தொட்டால் உணர்ச்சியே இல்லை என்றால், தேமல் என்று களிம்பு தடவிக்கொண்டிராமல் உடனே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது குஷ்டத்தின் ஆரம்பமாக இருக்கலாம். அதற்கு இலவச மருந்து உண்டு, முழுக்கக் குணமாகும்.

இரண்டாவது, டியூபை வாங்குமுன் பெயரைப் பார்க்க வேண்டும். குளோட்ரிமசோல், மைக்கோனசோல், கீட்டோகோனசோல், லூலிகோனசோல் ஆகியவை பூஞ்சை மருந்துகள். குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன், மொமெட்டசோன் ஆகியவை ஸ்டீராய்டுகள். குளோட்ரிமசோல், குளோபீட்டசால் என்ற பெயர்கள் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று பூஞ்சையைக் கொல்வது, மற்றது அதற்குத் துணைபோவது. வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்து டியூபைப் படிக்கச் சொல்லுங்கள். "ஸ்டீராய்டு கலக்காததைக் கொடு" என்று கடையில் கேளுங்கள். ஏற்கெனவே பல நாள் ஸ்டீராய்டு தடவியவர்கள் அதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தக்கூடாது. வட்டத்தின்மேல் மட்டுமல்ல, ஓரத்துக்கு வெளியே இரண்டு விரற்கடை தூரம் வரை தடவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை அங்கேதான் நகர்ந்துகொண்டிருக்கிறது. தழும்பு மறைந்த பிறகும் குறைந்தது இரண்டு வாரம் தடவ வேண்டும். அதிகமாகப் பரவியிருந்தால் டெர்பினாபின், இட்ராகோனசோல் போன்ற மாத்திரைகள் பல வாரங்கள் தேவைப்படும். ஈரல் வியாதி, இருதய வியாதி உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், வேறு மருந்து சாப்பிடுபவர்களும் வைத்தியரைக் கேட்காமல் இவற்றைத் தொடவே கூடாது.

நான்காவது, வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறதோ, எல்லோருக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை. கணவனுக்கு மட்டும் மருந்து, மனைவிக்கு வெட்கம், குழந்தைக்கு "தானாப் போயிடும்" என்றால் வியாதி வீட்டுக்குள்ளேயே வட்டமடிக்கும். மறுபடி மறுபடி வருகிறவர்கள் சர்க்கரை வியாதி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, ஈரத்தோடு போராடுங்கள். குளித்ததும் இடுக்குகளையும் விரலிடைகளையும் ஒற்றித் துடையுங்கள். ஆளுக்கொரு துண்டு. உள்ளாடையைக் கொதிநீரில் அலசி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி வெயிலில் உலர்த்துங்கள். மழைக்காலத்தில் இஸ்திரி போடுங்கள். இறுக்கமான நைலான், ஜீன்ஸ் வேண்டாம். தளர்ந்த பருத்தி உடுத்துங்கள். படை இருக்கும்வரை அரைஞாண் கயிற்றைக் கழற்றி வையுங்கள். சாமிக் குற்றம் ஒன்றும் வந்துவிடாது. வயலுக்கு இறங்குமுன் விரலிடுக்கில் வாசலினோ விளக்கெண்ணெயோ தடவினால் தோல் சீக்கிரம் ஊறாது. சேற்றுப்புண்ணுக்கு மருதாணி அரைத்துப் பூசுவது நம் பெண்களின் பழைய கைமுறை. அதோடு நிற்காமல், ஆறாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். மண்ணெண்ணெய், பாட்டரி ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதையும் தோலில் போடாதீர்கள். படையோடு தோலும் வெந்துவிடும்.

தனியாள் செய்ய முடியாதது

இவ்வளவையும் சொல்லிவிட்டு இங்கே முடித்தால் நாமும் பட்டணத்துப் படிப்பாளி ஆகிவிடுவோம். "வெயிலில் உலர்த்து" என்கிறோம். விடுதியில் வெயில் இல்லை. "குளித்துவிட்டு உலர்ந்த துணி மாற்று" என்கிறோம். மில்லில் குளிக்குமிடம் இல்லை. "வைத்தியரைப் பார்" என்கிறோம்; லீவு இல்லை. இவை சங்கமாகக் கேட்டு வாங்க வேண்டியவை.

கேட்டால் கிடைக்கும் என்பதற்குச் சரித்திரம் சாட்சி. இங்கிலாந்தில் லங்காஷயர் நெசவாலைகளில் நூல் அறாமலிருக்க முதலாளிகள் கொட்டகைக்குள் நீராவியைப் பாய்ச்சினார்கள். நெசவாளிகள் அதை எதிர்த்தார்கள். முடிவில், கொட்டகைக் காற்றில் இவ்வளவு ஈரத்துக்கு மேல் கூடாது என்று 1889ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் சட்டம் போட வேண்டியதாயிற்று. காற்றின் ஈரமும் ஒரு தொழிலாளர் பிரச்னை என்பதை அந்த நெசவாளிகள் அன்றே உலகத்துக்குக் காட்டிவிட்டார்கள்.

நம் நாட்டிலும் 1948ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 42வது பிரிவு கழுவிக்கொள்ள வசதியும், 43வது பிரிவு துணி வைக்கவும் நனைந்த துணியை உலர்த்தவும் வசதியும் தரவேண்டும் என்றது. எத்தனை மில்களில் அது காகிதத்தோடு நின்றது என்பது நமக்குத் தெரியும். 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் அமுலுக்கு வந்தது. கழுவுமிடம், குளியலிடம், துணி உலர்த்துமிடம் ஆகிய வார்த்தைகள் அதன் 24வது பிரிவிலும் இருக்கின்றன. ஆனால் மின்சாரத்தில் இயங்கும் பட்டறையில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்ததை 20 பேராக்கிவிட்டார்கள். சிறு பட்டறைத் தொழிலாளிக்குத் தோல் இல்லையா?

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. மில்லில் ஷிப்டு முடிவில் குளிக்கத் தண்ணீரும் துணி மாற்ற இடமும் வேண்டும். விடுதிகளில் வெயில் படும் துணிக்கொடியும், ஆளுக்கொரு படுக்கையும் வேண்டும். இ.எஸ்.ஐ. திட்டம் 1955லேயே கோயம்புத்தூரில் தொடங்கப்பட்டது. 2019 ஜூலையில் முதலாளி கட்ட வேண்டிய பங்கை நூற்றுக்கு 4.75லிருந்து 3.25ஆகக் குறைத்துக் கொடுத்தார்கள். அப்படிச் சலுகை தர முடிந்தவர்களால், எல்லா இ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் தோல் வைத்தியரும், பாதியில் நிற்காத முழு மருந்தும் தரமுடியாதா? இ.எஸ்.ஐ. இல்லாத விவசாயத் தொழிலாளிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சை மருந்தும் மைக்ராஸ்கோப் பரிசோதனையும் வேண்டும். சேரித்தெருவுக்குச் சொட்டாத குழாய் வேண்டும். சீட்டில்லாமல் ஸ்டீராய்டு விற்பதை மருந்து இன்ஸ்பெக்டர்கள் தடுக்க வேண்டும். கடையோடு நிற்காமல் கம்பெனி வரை போக வேண்டும்.

அந்தத் தோழரின் கதை என்னாயிற்று என்று கேட்பீர்கள். டியூபை நிறுத்தினார். முதல் பத்து நாள் முன்னைவிட அரித்தது. வைத்தியர் அதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பொறுத்துக்கொண்டார். குடும்பம் மொத்தமும் சேர்ந்து மருந்து எடுத்தது. குணமாக மூன்று மாதம் பிடித்தது. பிறகு அவரே ஷிப்டு வாரியாகத் தோழர்களிடம் பேசி, யார் யாருக்கு இந்த வியாதி இருக்கிறது என்று கேட்டார். முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. "எனக்கு இருந்துச்சுப்பா" என்று இவர் சொன்ன பிறகு, ஒவ்வொருவராகக் கை உயர்ந்தது. நிர்வாகத்துக்குக் கொடுத்த மனுவில் துணி உலர்த்துமிடம் என்ற கோரிக்கை ஏறியது அதன் பிறகுதான். இன்னும் அது கிடைக்கவில்லை. விடுவதாகவும் இல்லை.

தோழர்களே, மறைத்தால் வளர்வது இந்த வியாதி. வெட்கப்பட வேண்டியவர்கள் நாமல்ல. அடுத்த சங்கக் கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாக வைத்துப் பேசுங்கள்.